நான்கு டிஸ்க்குகளுக்கு நான் கொடுத்த அனுமதி

1

போன செவ்வாய்க்கிழமை காலை டிராமில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது மகளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. எனக்கு ஜெர்மனில்தான் எழுதுவாள். "அப்பா, இதைக் கொஞ்சம் ஃப்ரைகேபென் செய்ய முடியுமா?" என்று இருந்தது. அவள் போனில் இடம் நிரம்பிவிட்டது, எதையாவது அழித்துக் காலி செய்து தரச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். மாலையில் வீட்டுக்கு வந்ததும் போனைக் கொடு, பழைய படங்களை அழித்துத் தருகிறேன் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் சொன்ன ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளப் பெற்றவரின் அனுமதி வேண்டும், அதைத்தான் கேட்டாளாம். பதினான்கு வயது. பெருமூச்சு விட்டு என் போனை வாங்கி, பொத்தானை அவளே அழுத்திக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

அந்தச் சொல்லுக்கு ஜெர்மனில் இரண்டு பொருள் உண்டு. பிடித்து வைத்திருக்கும் இடத்தை விடுவிப்பது ஒன்று. ஒரு காரியத்துக்கு அனுமதி கொடுப்பது இன்னொன்று. இது எனக்கு மூன்று வருடமாகத் தெரியும். தெரிந்தும் மறுபடி சறுக்கினேன். அன்று இரவு முழுவதும் மனசு ஒரு நிலையில் இல்லை. இதை யாரிடமாவது முழுதாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஊரில் இருப்பவர்கள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

2

சொந்த ஊர் ராஜபாளையம். ஹனோவருக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. என் பெயர் கணேசன். ஆனால் இங்கே யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயருக்கான இடத்தில் விழுந்துவிட்டதால், எல்லோருக்கும் நான் ஹெர் சுப்பையா. செத்துப்போன அப்பாவை ஒரு நாளைக்கு இருபது தடவை கூப்பிடுவார்கள், நான் திரும்பிப் பார்ப்பேன்.

ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் மெயின்ஃப்ரேம் கம்ப்யூட்டர்களின் சேமிப்பிடத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வீட்டு லேப்டாப்பில் ஒரு கோப்பு தன்பாட்டுக்கு வளர்ந்துகொண்டே போகும். இங்கே அப்படி இல்லை. கோப்பை உருவாக்கும்போதே முதலில் இவ்வளவு இடம், போதாவிட்டால் இன்னும் இவ்வளவு என்று எழுதிவிட வேண்டும். அந்தக் கூடுதலையும் கம்ப்யூட்டர் ஒரு அளவுக்கு மேல் தராது. அதுவும் தீர்ந்தால் ஓடிக்கொண்டிருக்கும் வேலை நின்ற இடத்திலேயே நின்றுவிடும். நிற்பதற்கு முன்னால் எங்கிருந்தாவது டிஸ்க் கொண்டுவந்து சேர்ப்பதுதான் எங்கள் பிழைப்பு.

எங்கள் வேலையில் பாதியைச் சென்னையில் உள்ள ஒப்பந்தக் கம்பெனி ஒன்று செய்துகொடுத்தது. ஐந்து வருடம் முன்னால் அவர்கள் புதிதாக ஒரு ஆளைப் போட்டார்கள். முதல் நாள் அழைப்பில் அவன் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே வந்து, ஏதோ திரையைத் தேடும்போது தன்னை மறந்து "செத்த நேரம் இருங்க" என்றான். நான் உடனே தமிழில், ராஜபாளையம் பக்கமா என்று கேட்டுவிட்டேன். மம்சாபுரம் என்றான். பெயர் மாரிமுத்து. போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வுபெற்ற அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டதாம். அம்மா கிடையாது. அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கம்பெனியிடம் கெஞ்சி, சென்னையை விட்டு ஊருக்கு வந்துவிட்டான். ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து, அங்கிருந்து வேலை பார்த்தான். மதியம் வீட்டுக்குப் போய் அப்பாவுக்குச் சோறு ஊட்டிவிட்டு வருவான். அந்த முக்கால் மணி நேரம் அவனை யாரும் கூப்பிடக் கூடாது என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.

வெளிநாடு போகிற எண்ணம் உண்டா என்று ஒருமுறை கேட்டேன். இந்த வேலை இருக்கிற வரைக்கும் அந்த யோசனையே தேவையில்லை என்றான்.

3

மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது, ஒரு நவம்பர் மாதம். வருடக் கடைசிக் கணக்குக்கான கோப்புகள் ஊதிக்கொண்டே போயின. மாரிமுத்து கூடுதல் இடம் வேண்டும் என்று எச்சரித்துக்கொண்டே இருந்தான். புது டிஸ்க் வாங்க மேலே ஒப்புதல் கிடைக்கவில்லை. வேறு வேலைக்கென்று ஒதுக்கி வைத்திருந்த நான்கு டிஸ்க்குகள் பட்டியலில் காலி என்று இருந்தன. அவற்றை எடுத்துச் சேர்ப்பது என்று முடிவானது. சேர்க்கும் முன் ஒவ்வொன்றையும் சுத்தமாகத் துடைத்துத் தயார் செய்ய வேண்டும். துடைத்தால் துடைத்ததுதான்.

அன்று காலை நான் வெளிநாட்டவர் அலுவலகத்தில் இருந்தேன். நிரந்தரமாகத் தங்குவதற்கான விண்ணப்பம். ஏழு மாதம் காத்திருந்து கிடைத்த நேரம். வேலை கொடுப்பவரின் சான்றிதழ் பதினான்கு நாளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது, என்னுடையது பதினாறு நாள் என்று அங்கிருந்த அம்மாள் சொல்லிக்கொண்டிருந்தார். சான்றிதழின் தேதியும் நான் விண்ணப்பித்த தேதியும் வேறு வேறு என்பதை என் ஜெர்மனில் விளக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் மாரிமுத்துவின் மின்னஞ்சல் வந்தது.

டிஸ்க்குகளைத் துடைக்கப் போகும்போது உள்ளே ஒரு கோப்பு இருப்பதாகக் கம்ப்யூட்டர் எச்சரிக்கிறது, பட்டியலில் காலி என்றல்லவா இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்த கோப்புதானா, துடைக்கலாமா என்று கேட்டிருந்தான். அந்த வசந்த காலத்தில் சோதனைக்காக நானே அந்த டிஸ்க்குகளில் ஒரு கோப்பைப் போட்டிருந்தேன். அதுதான் கிடக்கிறது என்று நினைத்தேன். கோப்பின் பெயரைப் பார்க்கவில்லை. அவன் பெயரையும் எழுதித்தான் இருந்தான். கீழே தள்ளிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மேஜைக்கு அந்தப் பக்கம் அந்த அம்மாள் என் காகிதங்களைத் திருப்பித் தள்ளிக்கொண்டிருந்தார். அலுவலக வழக்கப்படி ஜெர்மனில் 'அனுமதிக்கப்பட்டது' என்ற ஒரே சொல்லைத் தட்டி அனுப்பினேன்.

உள்ளே இருந்தது சோதனைக் கோப்பு இல்லை. இறந்துபோனவர்களின் குடும்பங்கள் பணம் கேட்டு அனுப்பிய மனுக்களின் பதிவுகள். இன்னொரு பிரிவுக்காரர்கள் இடம் போதாமல் தற்காலிகமாக அங்கே வைத்து, பட்டியலில் எழுதாமல் விட்டிருக்கிறார்கள். பழைய நகலை எடுத்து மீட்டோம். ஆனாலும் பத்து நாள் மனுக்கள் போனது போனதுதான். கணவனைப் பறிகொடுத்த பெண்களுக்குத் திரும்பவும் படிவம் அனுப்பி, இறப்புச் சான்றிதழை இன்னொரு முறை கேட்டார்கள்.

4

விசாரணைக் கூட்டத்தில் எட்டுப் பேர் இருந்தோம். துறைத் தலைவி என்னைப் பார்த்து, "அதை யார் ஃப்ரைகேபென் செய்தது?" என்று கேட்டார். டிஸ்க்குகளை விடுவித்தது யார் என்று கேட்கிறார் என்றுதான் என் காதில் விழுந்தது. மாரிமுத்து என்றேன். அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். நான் தொடர்ந்து விளக்கியிருப்பேன். அதற்குள் பேச்சு மீட்பு வேலைக்குத் தாவிவிட்டது. அதுவரை என் பக்கம் பொய் எதுவும் இல்லை. இதை இன்றும் சொல்ல முடியும்.

மறுநாள் கூட்டக் குறிப்பு வந்தது. வெளி நிறுவன ஊழியர் யாரிடமும் கேட்காமல், தானே அனுமதி கொடுத்துக்கொண்டு டிஸ்க்குகளை அழித்தார் என்று இருந்தது. மூன்று தடவை படித்தேன். திருத்தம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்கவும் என்று கடைசி வரியில் இருந்தது.

பதில் எழுதினேன். என் மின்னஞ்சலை இணைத்தேன். பிறகு அனுப்பாமல் உட்கார்ந்திருந்தேன். புதிய சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டியவர் அதே துறைத் தலைவி. அது இல்லாவிட்டால் விண்ணப்பம் போய்விடும். மனைவி கௌரிக்கு அப்போதுதான் இங்கே ஒரு மழலையர் பள்ளியில் வேலை கிடைத்திருந்தது. மகளுக்குத் தமிழ் எழுதவே வராது, ஊருக்குத் திரும்பினால் எந்த வகுப்பில் உட்காருவாள் என்றெல்லாம் எண்ணினேன். எண்ணியது உண்மைதான். ஆனால் அதற்குள் பயம்தான் இருந்தது. எழுதியதை அழித்தேன். வெள்ளிக்கிழமை போய்விட்டது.

அந்த மின்னஞ்சல் இரண்டே இடத்தில்தான் இருந்தது. ஒன்று என்னிடம். இன்னொன்று எங்கள் நிறுவனம் மாரிமுத்துவுக்குக் கொடுத்திருந்த கணக்கில். அந்தக் கணக்கைக் கூட்டம் நடந்த அன்று மாலையே மூடிவிட்டார்கள். அவன் என் போனுக்கு இரண்டு முறை கூப்பிட்டான். மணி அடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் ஒரு செய்தி வந்தது.

"அண்ணே, கம்பெனில ஆதாரம் கேக்காங்க. அந்த மெயிலை மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. போதும்."

பார்க்கிறேன் என்று பதில் போட்டேன். அதோடு சரி. அவனும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஜனவரியில் எனக்கு நிரந்தர அட்டை கிடைத்தது.

5

இந்த வருடம் ஜனவரியில் ஊருக்குப் போனேன். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் பிறப்புச் சான்றிதழில் பெயரைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. ராஜபாளையம் நகராட்சியில் உறுதிமொழிப் பத்திரம் கொண்டுவரச் சொன்னார்கள். அதற்காக ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போனால், வக்கீல் கையெழுத்துப் போட மூன்று மணிக்கு மேல்தான் வருவார் என்றார்கள். மணி பதினொன்று. வெளியே வந்து பின்பக்கத் தெருவில் நின்றேன். எதிரே மாடி அறைகள் வரிசையாக இருந்தன. அதில் எது அவனுடையது என்று எனக்குத் தெரியாது. மம்சாபுரத்துக்கு ஆட்டோ பிடித்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பவில்லை. அவன் எப்படி இருக்கிறான் என்று பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான்.

ஏட்டையா வீடு என்றதும் காட்டிவிட்டார்கள். முன்பக்கம் சின்ன மளிகைக் கடை. அதில் இருந்தது மாரிமுத்துவின் அக்கா செல்வி. நான் யார் என்று சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. என்னைப் பற்றி மாரி நிறையச் சொல்லியிருக்கிறானாம். அவன் ஊரில் இல்லை. வேலை போன பிறகு ஒரு வருடம் அலைந்திருக்கிறான். போன இடத்தில் எல்லாம் பழைய கம்பெனியில் விசாரித்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் மஸ்கட்டில் ஒரு கிட்டங்கியில் சரக்கு எண்ணும் வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. அவன் போன பிறகு அப்பாவைப் பார்த்துக்கொள்ள செல்வி தன் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்திருக்கிறாள்.

அதோடு முடியவில்லை. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். வேலை போன அன்றிலிருந்து அப்பா அவனோடு பேசுவதில்லை.

"காரணம் இல்லாம எவனும் வேலையை விட்டு எடுக்க மாட்டான்னு ஒரே சாதிப்பு. முப்பது வருசம் யூனிபார்ம் போட்ட மனுசன், அவுகளுக்கு ரெக்கார்டுதான் பெருசு. ஒரு வருசம் அவன்தான் குளிப்பாட்டி, சோறு ஊட்டி விட்டான். ஒரு வார்த்தை பேசலையே. மஸ்கட்டுக்குப் போற அன்னைக்குக்கூட சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாக."

சொல்லிவிட்டு, காபி போடுகிறேன், அப்பாவைப் பாருங்கள் என்று உள்ளே கூட்டிப் போனாள். "அப்பா, மாரியோட வேலை பார்த்தாகள்ல, ஜெர்மனிக்காரவுக, அவுகதான் வந்திருக்காக" என்றாள்.

பெரியவர் கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு, வற்றிப்போயிருந்தது. முடி மட்டும் போலீஸ்காரர் போல ஒட்ட வெட்டியிருந்தது. பேச்சு குழறியது, ஆனால் புரிந்தது. என்னை உட்காரச் சொன்னார். ஊர், தெரு எல்லாம் கேட்டார். பிறகு நேராகக் கேட்டார்.

"எம்மவன் என்ன தப்புய்யா பண்ணினான்?"

மூன்று வருடத்தில் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. அங்கே கேட்டது எல்லாம் ஆவணத்தைப் பற்றி. இவர் மனிதனைப் பற்றிக் கேட்டார். அவன் எந்தத் தப்பும் பண்ணவில்லை, பண்ணினது நான் என்றேன். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. மின்னஞ்சல், ஒற்றைச் சொல் பதில், கூட்டம், குறிப்பு, அவன் கேட்ட போட்டோ எல்லாம் சொன்னேன். கம்ப்யூட்டர் விவரம் அவருக்குப் புரியுமோ என்று தயங்கியபோது கையால் சைகை செய்தார், மேலே சொல் என்று. டம்ளரோடு வந்த செல்வி கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

முடித்ததும் அவர் செல்வியிடம் தாள் கேட்டார். அடித்திருந்தால், ஏசியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

"எழுதிக் குடுங்க" என்றார்.

செல்வி கடை நோட்டிலிருந்து இரண்டு தாள் கிழித்துக் கொடுத்தாள். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு தமிழில் இவ்வளவு நீளமாக நான் எழுதியதில்லை. எழுதி முடித்ததும் வாசிக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். 'தவறுதலாக' என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"மொதல்ல சொன்னது தவறுதல்தான், அது இருக்கட்டும். பொறவு மூணு வருசம் சும்மா இருந்தீங்கள்ல, அதையும் தவறுதலாகன்னு போட்டிருக்கீங்க. அதை எடுத்துருங்க."

கோடு போட்டு அடித்தேன். அங்கே என்ன போடுவது என்று கேட்டேன்.

"தெரிஞ்சேன்னு போடுங்க."

போட்டேன். தேதி, ஊர், அப்பா பெயர் சேர்த்து என் முழுப்பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தாளை இடது கையால் வாங்கிக்கொண்டார். காபி ஆறிப்போயிருந்தது. குடிக்க மனம் வரவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

செல்வி மாரிமுத்துவைப் போனில் பிடித்தாள். முதலில் என்னிடம்தான் கொடுத்தாள். நான் எங்கே இருக்கிறேன், என்ன எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று சொன்னேன். பின்னால் லாரி பின்வாங்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரியும்ணே" என்றான். கோபம் இல்லாத குரல். "நீங்க அனுப்பிருவீங்கன்னு ஒரு மாசம் போனையே பார்த்துக்கிட்டிருந்தேன். பொறவு விட்டுட்டேன். அப்பாட்ட குடுங்க."

போனைப் பெரியவரின் காதில் செல்வி பிடித்துக்கொண்டாள். அவருக்கு வாய் கோணியது. அந்தப் பக்கம் அவன் ஏதோ பேசிக்கொண்டே இருந்தான். இவர் தாளைப் பிடித்திருந்த கையை மட்டும் தூக்கித் தூக்கிக் காட்டினார், அவன் பார்ப்பது போல. நான் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். மூன்றரைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் வக்கீல் என் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்.

6

ஹனோவர் திரும்பியதும் கௌரியிடம் சொன்னேன். அப்பவே என்னிடம் கேட்டிருந்தால் அனுப்பச் சொல்லியிருப்பேனே, எங்களைக் காரணம் சொல்லாதீர்கள் என்றாள்.

துறைத் தலைவிக்குக் கடிதம் எழுதினேன். பழைய மின்னஞ்சலை இணைத்தேன். அனுப்பும் முன் இலக்கணம் பார்க்க மகளிடம் கொடுத்தேன், வேறு வழியில்லை. மேஜையில் வைத்து மெதுவாகப் படித்தாள். இரண்டு இடத்தில் வேற்றுமை உருபைத் திருத்தினாள். பிறகு, அந்த மாமா இப்போது எங்கே இருக்கிறார் என்று தமிழில் கேட்டாள். சொன்னேன். எழுந்து அறைக்குள் போனாள். அதன் பிறகு ஒரு வாரம் சாப்பாட்டு மேஜையில் அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

வேலை போகும் என்று தயாராக இருந்தேன். மூன்று வாரம் கழித்து அரைப் பக்கப் பதில் வந்தது. வெளிப்படையாகத் தெரிவித்ததற்கு நன்றி. அந்த விசாரணை முடிந்துவிட்டது, வைத்திருக்க வேண்டிய காலம் கடந்ததால் அதன் குறிப்புகளும் அழிக்கப்பட்டுவிட்டன. அந்த ஒப்பந்தக் கம்பெனியோடு இப்போது தொடர்பு இல்லை. இனி அனுமதிகளை முறையான வழியில் மட்டும் பதிவு செய்யவும். இவ்வளவுதான். எதற்காக மூன்று வருடம் பயந்தேனோ, அது இந்த அரைப் பக்கம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. குடியுரிமைக்கும் தடை சொல்லவில்லை.

அந்தப் பதிலையும் மின்னஞ்சலையும் மாரிமுத்துவுக்கு அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளம் வந்தது. சென்னைக் கம்பெனிக்கு நானே எழுதினேன். அங்கே அவனைத் தெரிந்தவர்கள் யாரும் இப்போது இல்லை.

ஏப்ரலில் பெரியவர் இறந்துவிட்டார். இரண்டாவது முறை பக்கவாதம். மாரிமுத்துவுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. செல்வியின் வீட்டுக்காரர்தான் கொள்ளி வைத்தாராம். நான் செய்தி கேட்டுச் செல்விக்குப் போன் செய்தேன். எடுக்க மாட்டாள் என்று நினைத்தேன், எடுத்தாள்.

"மூணு மாசம் தினமும் மத்தியானம் பேசிக்கிட்டாக. அப்பாவுக்கு வார்த்தை சரியா வராது. இவன்தான் பேசுவான், அவுக ம், ம்னு கேட்டுக்கிட்டிருப்பாக. அந்த மட்டுக்கும் கெடைச்சுச்சு" என்றாள்.

நன்றி சொல்கிறாளா, இல்லையா என்று எனக்கு விளங்கவில்லை. மாரி என்னோடு பேசுவானா, கேட்டுச் சொல்கிறீர்களா என்று கேட்டேன். கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

இப்போது ஆகஸ்ட். இன்னும் சொல்லவில்லை.